பழைய ராணுவ ரைபிள், கைத்துப்பாக்கி: தேர்ந்து வாங்குவது முதல் சுடுவது வரை

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பல நாடுகளின் ஆயுதக் கிடங்குகளில் போல்ட் ரைபிள்கள் (ஒவ்வொரு முறை சுடுவதற்கும் போல்ட் என்ற கைப்பிடியுள்ள கம்பியைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டியவை) மலைபோல் குவிந்து கிடந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் தானியங்கித் துப்பாக்கிகள் வந்துவிட, அவற்றுக்கு ராணுவத்தில் வேலை இல்லாமல் போனது. சிலவற்றை உருக்கினார்கள், சிலவற்றை நட்பு நாடுகளுக்குக் கொடுத்தார்கள். மீதியைக் கெட்டியான கிரீஸில் முக்கிப் பெட்டியில் அடுக்கி வைத்து, பின்னாளில் வணிகர்களுக்கு விற்றார்கள். இன்று சேகரிப்பாளர்கள் கைக்கு வருபவை பெரும்பாலும் அந்தப் பெட்டிகளிலிருந்து வெளிவந்தவை.

இந்தத் துப்பாக்கிகளைப் புதிய துப்பாக்கி வாங்குவதுபோல் வாங்க முடியாது. ஒரே ஆலை, ஒரே ஆண்டு, ஒரே மாடல் என்றாலும் இரண்டு ரைபிள்கள் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று போர்முனைக்குப் போயிருக்கும், மற்றொன்று கிடங்கிலேயே தூங்கியிருக்கும். ஒன்றின் போல்ட்டை மாற்றியிருப்பார்கள், மற்றொன்றின் குழலையே மாற்றியிருப்பார்கள். ஆலையை விட்டு வெளியே வந்த பிறகு அதற்கு என்ன நடந்தது என்பதில்தான் அதன் மதிப்பும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. ஆகவே முதலில் துப்பாக்கியைப் படிக்க வேண்டும். சுடுவது அதற்குப் பிறகு.

சட்டம்

இதில் பொது விதி கிடையாது. அமெரிக்காவில் 50 ஆண்டுக்கு மேல் பழைய துப்பாக்கிகளுக்கென்றே தனியான சேகரிப்பாளர் உரிமம் உண்டு. பிரிட்டனில் 1997-க்குப் பிறகு பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருக்க முடியாது, ஆனால் போல்ட் ரைபிளுக்கு உரிமம் கிடைக்கும். இந்தியாவில் .303 ரைபிளும் 9 மிமீ பிஸ்டலும் தடைசெய்யப்பட்ட ரகத்தைச் சேர்ந்தவை, சாதாரண உரிமத்தில் வாங்க முடியாது. செயலிழக்கச் செய்த துப்பாக்கிக்கும், துப்பாக்கிக் கத்திக்கும், தோட்டாவுக்கும்கூடத் தனித்தனி விதிகள் இருக்கலாம். பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் நாட்டின் உரிம அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விற்பவர் சொல்லும் சட்டம் சட்டமல்ல.

முதல் ரைபிள் எது

முதல் ரைபிள் போல்ட் ரைபிளாக இருக்கட்டும். பாகங்கள் குறைவு, பிரித்து மாட்டுவது எளிது, எது எங்கே தேய்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். அதற்கான தோட்டாவை இன்றும் யாராவது புதிதாகத் தயாரிக்க வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. ரைபிளை மலிவாக வாங்கிவிட்டுத் தோட்டா தேடி அலைபவர்கள் நிறைய.

நல்ல உழைப்பாளி வேண்டுமென்றால் ரஷ்ய மோசின்-நாகான்ட் 91/30. 1891-இல் வந்த வடிவத்தை 1930-இல் திருத்தியது, தோட்டா 7.62×54ஆர் (குண்டின் விட்டமும் தோட்டாக் கூட்டின் நீளமும், மிமீ-இல்). உலகில் மிக அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்ட ரைபிள்களில் ஒன்று. போல்ட் முரட்டுத்தனமாக இருக்கும், ட்ரிகர் இழுக்க இழுக்க நீளும், ஆனால் அசைத்துப் பார்க்க முடியாத உறுதி. வேகம் வேண்டுமென்றால் பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்ட், தோட்டா .303. பத்துத் தோட்டா மேகசினும் குறுகிய போல்ட் ஓட்டமும் சேர்ந்து போல்ட் ரைபிளில் அதற்கு இணை இல்லை. ஜெர்மன் மவுசர் கே98கே 1935-இல் ராணுவத்தில் சேர்ந்தது, தோட்டா 7.92×57. பின்னால் வந்த வேட்டை ரைபிள்கள் பலவற்றுக்கு அதன் 1898 மவுசர் போல்ட்தான் தாய் வடிவம்.

இலக்கில் துல்லியமாகச் சுடுவதே நோக்கம் என்றால் நான் ஸ்வீடன் பக்கமும் சுவிட்சர்லாந்து பக்கமும் பார்க்கச் சொல்வேன். ஸ்வீடனின் எம்/96 மவுசருக்கு 6.5×55 தோட்டா, உதை மிருது. சுவிஸ் கே31-க்கு 7.5×55 தோட்டா. போல்ட்டை நேராகப் பின்னுக்கு இழுத்து நேராகத் தள்ளினால் போதும். இரண்டு நாடுகளும் உலகப்போர்களில் நடுநிலை வகித்தவை. அதனால் வேலைப்பாட்டில் அவசரம் தெரியாது, குழல்களும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். போர்க் கதை தேடுபவருக்கு இவை சப்பென்று இருக்கும், அது வேறு விஷயம்.

அமெரிக்க எம்1 காரன்ட், சோவியத் எஸ்கேஎஸ் போன்ற அரைத் தானியங்கிகளை (ட்ரிகரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றுபவை) இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்குத் தனியான கவனம் வேண்டும், கீழே வருகிறது.

முத்திரைகளைப் படிப்பது

துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் முதல் வேலை போல்ட்டைத் திறந்து அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. விற்பவர் இப்போதுதான் பார்த்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள்.

பிறகு வரிசை எண்கள். ரிசீவரில் (போல்ட் ஓடும் உடற்பகுதி) உள்ள எண் போல்ட்டிலும் இருக்கிறதா என்பது முக்கியம், ஏனென்றால் போல்ட் மாறியிருந்தால் தோட்டா உட்காரும் இடைவெளியும் மாறியிருக்கலாம். கே98கே-இல் சிறு பாகங்களில்கூட எண் அடித்திருப்பார்கள். எல்லாம் ஒத்துப்போனால் விலை பலமடங்கு ஏறும், அதனால்தான் ஏமாற்றும் அங்கேயே நடக்கிறது. போரில் சோவியத் படை கைப்பற்றிய கே98கே-க்களைப் பின்னால் பிரித்து, கலந்து, மீண்டும் பூட்டினார்கள். ரிசீவரில் சிறிய எக்ஸ் குறி, மரத்தில் பளபளக்கும் ஷெல்லாக் என்ற அரக்கு மெருகு, பாகங்களில் மின் ஊசியால் கிறுக்கிய எண்கள் இருந்தால் அது அந்த ரகம். மலிவாகக் கிடைத்தால் சுடுவதற்கு அருமையானது. ‘எல்லா எண்ணும் ஒத்துப்போகிறது’ என்ற விலைக்கு வாங்கத் தேவையில்லை.

ஆலை முத்திரை அடுத்தது. மோசினில் நட்சத்திரத்துக்குள் அம்பு என்றால் தூலா ஆலை, முக்கோணத்துக்குள் அம்பு என்றால் இஷெவ்ஸ்க். சதுரக் கட்டத்துக்குள் ‘எஸ்ஏ’ என்ற எழுத்துகள் இருந்தால் அந்த ரைபிள் பின்லாந்து ராணுவத்தில் வேலை பார்த்திருக்கிறது. ரஷ்யாவிடமிருந்து பிடித்து, தங்களுக்கேற்ப சரிசெய்து, அதே ரஷ்யாவை நோக்கித் திருப்பியவர்கள் அவர்கள். பின்லாந்துக் குழல்கள் தரத்தில் உயர்ந்தவை. போர்க்கால ஜெர்மன் ரைபிள்களில் ஆலைப் பெயருக்குப் பதிலாக ரகசியக் குறியீடு இருக்கும்: ‘பிஒய்எஃப்’ என்றால் ஓபர்ன்டார்ஃபின் மவுசர் ஆலை, ‘பிஎன்ஸட்’ என்றால் ஸ்டெயர். லீ-என்ஃபீல்டில் ‘எஃப்டிஆர்’ என்றால் ஆலைக்குத் திரும்பி முழுதாகப் பழுதுபார்த்து வந்தது என்று பொருள், அது நல்ல செய்தி. ‘டிபி’ என்றால் அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. அதில் தோட்டா போடவே கூடாது.

ஜப்பானிய அரிசாகா ரைபிளின் ரிசீவர் மேல் பேரரசரின் சாமந்திப்பூ முத்திரை இருக்கும். சரணடைந்த துப்பாக்கிகளில் பெரும்பாலும் அதை அரவிவிட்டார்கள். பூ முழுதாக இருப்பது சேகரிப்பாளருக்குப் பெரிய விஷயம். ஸ்வீடன் மவுசரின் பின்கட்டையில் ஒரு பித்தளை வட்டு பதித்திருப்பார்கள், குழலின் உள்விட்டத்தையும் உட்புற நிலையையும் அதில் குறித்திருப்பார்கள். கட்டை மாறியிருந்தால் அது வேறொரு ரைபிளைப் பற்றிப் பேசும் என்பதால் நம்பிவிட வேண்டாம். கே31-இன் பின்கட்டைத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், சில நேரம் அதைப் பயன்படுத்திய சிப்பாயின் பெயர்ச் சீட்டு மடித்தபடி இருக்கும். கிடைத்தால் அதை வெளியே எடுத்துத் தனியாக விற்காதீர்கள்.

‘இது நார்மண்டியில் இருந்தது’, ‘இது ஸ்னைப்பர் வைத்திருந்தது’ என்று விற்பவர் சொல்வார். ஆவணம் இல்லாத கதைக்குக் காசு கொடுக்க வேண்டாம். தொலைநோக்கி பொருத்திய மோசின், நாஜி எஸ்எஸ் படையின் முத்திரையுள்ள மவுசர், அரிய ஜெர்மன் லூகர் பிஸ்டல் ஆகிய மூன்றும் மிக அதிகமாகப் போலி செய்யப்படுபவை.

குழலைப் பார்ப்பது

போல்ட்டைக் கழற்றி, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டுக் குழலுக்குள் பாருங்கள். சுழன்று செல்லும் பள்ளங்களின் ஓரங்கள் கூர்மையாகத் தெரிந்தால் நல்லது. இருட்டாகத் தெரிவதாலேயே கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், பாதி நேரம் அது பழைய கிரீஸ்தான். துணி விட்டுத் துடைத்தபின் இன்னொரு முறை பாருங்கள். மெல்லிய துருத்தழும்புகள் இருந்தாலும் பல குழல்கள் நன்றாகச் சுடும். வீக்கம் கண்ட குழல் மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே கருநிற வளையம்போல் தெரியும், வெளியே விரலால் தடவினால் மேடு தட்டுப்படும்.

வெளியே எவ்வளவு பளபளத்தாலும் குழல்வாய் தேய்ந்திருந்தால் குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். சிப்பாய்கள் வாய்ப்பக்கமிருந்து எஃகுக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ததால் வந்த தேய்மானம் அது. அதைச் சரிக்கட்ட சோவியத் பட்டறைகள் வாயின் முதல் சில சென்டிமீட்டரை அகலமாகக் கடைந்துவிட்டன. அப்படிக் கடைந்த மோசினைக் குறை என்று ஒதுக்க வேண்டாம், நன்றாகவே சுடும். வாய்த் தேய்மானத்தை அளக்க அளவுமானி கிடைக்கும். உயிருள்ள தோட்டாவைக் குழல்வாயில் செருகிப் பார்க்கும் பழக்கம் சந்தைகளில் உண்டு. அதைச் செய்யாதீர்கள், அருகில் யாராவது செய்தாலும் நகர்ந்து நில்லுங்கள்.

சுடக்கூடாதவை

சில துப்பாக்கிகள் சுவரில் தொங்குவதற்கு மட்டும். அமெரிக்காவின் எம்1903 ஸ்பிரிங்ஃபீல்டில், ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையின் 8,00,000-க்குக் கீழான எண்களும் ராக் ஐலண்ட் ஆலையின் 2,85,507-க்குக் கீழான எண்களும் வெப்பப் பதம் சரியில்லாதவை. அந்த நாளில் எஃகின் சூட்டைத் தொழிலாளியின் கண்தான் அளந்தது. பதம் தப்பிய ரிசீவர் உடைந்த நிகழ்வுகள் உண்டு. ஜப்பானின் பயிற்சி ரைபிள்கள் பார்வைக்கு அசல் அரிசாகாபோலவே இருக்கும், ஆனால் குண்டில்லாத வெற்றுத் தோட்டாவுக்காக மட்டும் வார்க்கப்பட்டவை. கனடாவின் ராஸ் எம்கே-3 ரைபிளின் போல்ட்டைப் பிரித்துத் தவறாகப் பூட்டினால், பூட்டிக்கொள்ளாமலேயே சுடும், போல்ட் சுடுபவர் முகத்துக்கு வரும். ஜெர்மனியின் 1888 மாடல் ரைபிளில் இன்னொரு சிக்கல்: அதன் பழைய குழல் .318 அங்குலக் குண்டுக்கானது, பிற்காலத் தோட்டாவின் குண்டு .323 அங்குலம். பெயர் ஏறக்குறைய ஒன்று என்பதால் போட்டுவிடுவார்கள்.

கைத்துப்பாக்கியிலும் இதே கதை. வெப்லி எம்கே-6 ரிவால்வர் .455 தோட்டாவுக்கானது. நிறையப் பேர் அதன் உருளையின் பின்புறத்தை அரவி .45 ஏசிபி போட வழி செய்தார்கள். ஆலைத் தயாரிப்பு .45 ஏசிபி-யின் அழுத்தத்தை அந்த உருளை நெடுநாள் தாங்காது. போர்க்கால ஸ்மித் அண்ட் வெசன் .38 ரிவால்வர்கள் பலவற்றின் அறைகளை நீளமாக்கி .38 ஸ்பெஷல் ஆக்கினார்கள். கூடு நடுவில் உப்பி வெளிவரும்.

கிரீஸ் எடுப்பது, மரத்தைத் தொடாமல் விடுவது

காஸ்மோலின் என்கிற அந்தக் கிரீஸ் ஒட்டிக்கொண்டால் விடாது. சூடுதான் அதற்கு மருந்து. உலோகப் பாகங்களைக் கொதிக்கும் நீரிலோ மினரல் ஸ்பிரிட்டிலோ ஊறவைத்துத் துடைக்கலாம். பெட்ரோல் வேண்டாம். மரக்கட்டையைக் கந்தல் துணியில் சுற்றி, கறுப்பு பிளாஸ்டிக் பையில் போட்டு உச்சி வெயிலில் வைத்தால் உள்ளே ஊறியது தானே கசிந்து வரும். மறக்கக்கூடாத இரண்டு இடங்கள் தோட்டா அறையும் போல்ட்டின் உட்புறமும். மோசினில் இரண்டாவது, மூன்றாவது சுடலுக்குப் பிறகு போல்ட் திறக்க மறுத்தால் பெரும்பாலும் காரணம் அறையில் மிஞ்சிய கிரீஸ்.

எஸ்கேஎஸ்-இல் இது உயிர்ப் பிரச்சினை. அதன் ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கச் செய்யும் ஊசி) பெரும்பாலும் ஸ்பிரிங் இல்லாமல் தளர்வாக ஆடும். கிரீஸில் முன்னால் ஒட்டிக்கொண்டால், போல்ட் மூடியவுடன் ட்ரிகரைத் தொடாமலேயே வெடிக்கும், தொடர்ந்து வெடிக்கவும் செய்யும். போல்ட்டைக் குலுக்கினால் பின் ‘டக் டக்’ என்று ஆடும் சத்தம் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறை சுடப் போகும் முன்னும் குலுக்கிப் பாருங்கள்.

மரத்தில் உப்புத்தாள் போடாதீர்கள். முத்திரையும் எண்ணும் அந்த மேல்தோலில்தான் இருக்கின்றன. அழுக்கைத் துடைத்து, ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை மெல்லியதாகத் தேய்த்தால் போதும். பழைய நீலப்பூச்சை எடுத்துப் புதுப்பூச்சு போட்ட லூகர் பார்க்க அழகாக இருக்கும், மதிப்பு பாதியாகிவிடும்.

ஹெட்ஸ்பேஸும் முதல் சுடலும்

மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம் ஹெட்ஸ்பேஸ். அது அதிகமானால் கூடு பின்னால் நீண்டு கிழியும், சூடான வாயு முகத்தை நோக்கி வரும். ‘கோ’, ‘நோ-கோ’, ‘ஃபீல்ட்’ என்று மூன்று அளவுக்கட்டைகள் உண்டு. முதலாவதின் மேல் போல்ட் மூட வேண்டும். இரண்டாவதின் மேல் மூடினால் தேய்மானம் தொடங்கிவிட்டது. மூன்றாவதின் மேலும் மூடினால் அந்த ரைபிள் சுட உகந்ததல்ல. லீ-என்ஃபீல்ட் எண் 4-இல் போல்ட் தலை தனியாகக் கழலும், 0 முதல் 3 வரை எண்ணிட்ட தலைகளை மாற்றியே இடைவெளியைச் சரிசெய்யலாம். முதல் ரைபிளுக்காவது இந்தச் சோதனையை ஒரு துப்பாக்கிப் பட்டறையில் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

முதல் நாள் சுடுதளத்தில் புதிய ஆலைத் தோட்டா மட்டும். மேகசினில் ஒன்றே ஒன்று போடுங்கள். கண்ணாடி, காதுக் கவசம் இல்லாமல் கிட்டேயே போகக்கூடாது. ஒவ்வொரு கூட்டையும் எடுத்துப் பாருங்கள்: அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையமோ விரிசலோ தெரிந்தால் அன்றைய வேலை முடிந்தது. பிரைமர் (கூட்டின் அடியில் உள்ள, குத்தினால் தீ மூட்டும் சிறு மூடி) தட்டையாகி ஓரம் பிதுங்கியிருந்தாலும் அப்படியே. ட்ரிகர் இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் இலக்கை நோக்கியபடியே ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள், தாமதமாக வெடிப்பது பழைய தோட்டாவின் குணம். ‘பொட்’ என்று மெலிந்த சத்தம் வந்தால் குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். குழலைப் பார்க்காமல் அடுத்ததைச் சுடாதீர்கள்.

காரன்டுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. .30-06 என்று பெட்டியில் எழுதியிருந்தாலே போதாது. இன்றைய கனமான வேட்டைத் தோட்டாக்கள் அதன் வாயுத் தண்டை வளைத்துவிடும். காரன்டுக்கென்று குறித்த தோட்டா வாங்குங்கள், இல்லையேல் திருகிச் சரிசெய்யும் வாயுத் திருகு பொருத்துங்கள். எட்டுத் தோட்டாக் கிளிப்பை அழுத்தும்போது கட்டைவிரலை உடனே எடுக்கத் தெரியவில்லை என்றால் அது ஒருமுறை கற்றுக்கொடுக்கும்.

அரிக்கும் தோட்டா

ராணுவக் கிடங்குத் தோட்டா மலிவு, ஆனால் பெரும்பாலும் அதன் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக, அதாவது ஒருவகை உப்பாகக் குழலில் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், ஈரமான வானிலையில் மறுநாளே துரு தெரியும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. துப்பாக்கி எண்ணெய் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்களின் குழல்கள்தான் சந்தையில் நாம் பார்க்கும் தழும்புக் குழல்கள். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் உப்பை ‘முறிக்கும்’ என்பதும் கட்டுக்கதை. அதில் வேலை செய்வது தண்ணீர் மட்டுமே.

சுடுதளத்திலிருந்து கிளம்பும் முன்பே தொடங்குங்கள். குழலில் சுடுதண்ணீர் ஊற்றி, நனைந்த துணி விட்டு இழுத்து, போல்ட் முகத்தையும் துடையுங்கள். எஸ்கேஎஸ்போல வாயுவால் இயங்குவது என்றால் பிஸ்டனும் வாயுக் குழாயும் சேர்த்து. பிறகு நன்றாகக் காயவைத்து, வழக்கமான சுத்தம், கடைசியில் எண்ணெய். எந்த ஆண்டு, எந்த நாடு என்று உறுதியாகத் தெரியாத பழைய தோட்டா எல்லாமே அரிக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விதிவிலக்குகளில் நம்பத்தக்கது கே31-க்கான சுவிஸ் ஜிபி11. அது அரிப்பதில்லை. காந்தம் ஒட்டும் குண்டுகளைப் பல சுடுதளங்கள் அனுமதிப்பதில்லை, ஒரு சிறு காந்தத்தைப் பையில் வைத்திருந்தால் வாசலில் வாக்குவாதம் மிச்சம்.

குறி சரிசெய்வது

பழைய ரைபிளை முதன்முதலாக 100 மீட்டரில் சுடுபவர், குண்டு ஒரு சாணுக்கு மேல் உயரப் போவதைப் பார்த்து ரைபிள் கெட்டது என்று முடிவு செய்வார். ராணுவம் மனித அளவு இலக்கை நெடுந்தூரத்தில் அடிப்பதற்காகச் சைட்டை அமைத்தது. அதனால் கிட்டத்தில் உயரப் போவது இயல்பு. மோசினைத் துப்பாக்கிக் கத்தி மாட்டிய நிலையில் குறி சரிசெய்திருப்பார்கள். கத்தியைக் கழற்றினால் குண்டு பக்கவாட்டிலும் நகரும். முன்சைட்டை அதற்கான கருவியால் மெல்ல நகர்த்துங்கள், சுத்தியல் வேண்டாம். உயரத்தைக் குறைக்க அசல் முன்சைட்டில் கைவைக்காமல், உயரமான மாற்றுச் சைட் ஒன்றைப் பொருத்தி அசலைப் பெட்டியில் வையுங்கள்.

.303-யும் 7.62×54ஆர்-உம் விளிம்புள்ள தோட்டாக்கள். மேகசினில் மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதற்கு முன்னால் இருக்க வேண்டும், மாறினால் சிக்கிக்கொள்ளும். எஃகுத் தகட்டுப் பின்கட்டை தோளைப் பதம் பார்க்கும், ரப்பர் உறை மாட்டிக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கைத்துப்பாக்கிகள்

பெயரில் ‘9’ இருப்பதெல்லாம் ஒன்றல்ல. லூகர் பி08-உம் வால்தர் பி38-உம் 9×19, மகரோவ் 9×18, ஸ்பெயினின் அஸ்ட்ரா 400 நீளமான 9×23. பெட்டியையும் குழலையும் ஒப்பிட்டுப் பார்த்தே தோட்டா போடுங்கள்.

டோகரேவ் டிடி-33-இல் அசலாகக் கைப் பூட்டு கிடையாது, சுத்தியலின் பாதி நிலை மட்டும்தான். அதை நம்பித் தோட்டா ஏற்றி வைக்காதீர்கள். பி38-இல் பூட்டு நெம்பைக் கீழிறக்கினால் சுத்தியல் விழும். உள்பாகம் தேய்ந்திருந்தால் அந்த அடியிலேயே வெடிக்கலாம் என்பதால், அதைக் குழலில் தோட்டாவுடன் சோதிக்க வேண்டாம். ஜப்பானின் 94 மாடல் நம்பு பிஸ்டலில் சியர் கம்பி (சுடும்வரை சுத்தியலைப் பிடித்து வைக்கும் பாகம்) பக்கவாட்டில் வெளியே தெரியும், ட்ரிகரைத் தொடாமல் அதை அழுத்தினாலே சுடும். சேகரிப்பில் இருக்கட்டும், கையில் தோட்டாவுடன் வேண்டாம்.

சுட எனக்குப் பிடித்தது நாகான்ட் 1895. ஏழு குண்டு ரிவால்வர், சுத்தியல் பின்வாங்கும்போது உருளை முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டி வாயுக் கசிவை அடைக்கும். ட்ரிகர் இழுக்க விரல் வலிக்கும், குறி நிற்காது, ஆனாலும் அந்த இயக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பழைய பிஸ்டல்களில் ஸ்பிரிங்குகள் களைத்திருக்கும். சுடுவதற்கென்று புதிய ஸ்பிரிங்குகள் மாட்டி, அசலை உறையில் போட்டுப் பெயரெழுதி வையுங்கள். லூகரின் மேகசினில்கூட வரிசை எண் இருக்கலாம். எண் ஒத்துப்போகும் மேகசினைச் சுடுதளத்துக்கு எடுத்துப்போய்த் தரையில் விழவிடாதீர்கள்.

வைத்துக்கொள்வது

பூட்டிய இரும்புப் பெட்டி, போல்ட்டும் தோட்டாவும் வேறிடத்தில், ஈரம் உறிஞ்சும் சிலிகா பைகள். தோல் உறைக்குள் பிஸ்டலை வைத்து மூடிவிடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட ரசாயனமும் உலோகத்தைத் தின்னும். உறை தனியே, பிஸ்டல் தனியே. துணியுறைப் பைகளும் நெடுநாள் வைப்புக்கு ஆகாது. மாதம் ஒருமுறை எடுத்து விரல்ரேகையைத் துடைத்து மெல்லிய எண்ணெய் போடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: வரிசை எண், எல்லா முத்திரைகளின் நெருக்கமான புகைப்படம், யாரிடம் எப்போது வாங்கியது, ரசீது, மாற்றிய பாகங்கள், மாற்றிய அசல் எந்தப் பெட்டியில் இருக்கிறது, கடைசியாக அரிக்கும் தோட்டா சுட்ட தேதி. உரிம நகலும் அதே கோப்பில் இருக்கட்டும், வீட்டில் ஒருவருக்காவது அந்தக் கோப்பு இருக்குமிடம் தெரிந்திருக்கட்டும். உரிமதாரர் இறந்தால் குடும்பத்தார் எத்தனை நாளுக்குள் யாரிடம் தெரிவிக்க வேண்டும், துப்பாக்கியை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.